ஸ்காருக்கு அரவிந்த் சாமி: கற்பனை இல்லை, நடந்தது

'தி லயன் கிங்' படத்தின் வில்லன் சிங்கமான ஸ்காருக்கு அரவிந்த் சாமி குரல் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு, "அதெல்லாம் ரசிகர்கள் போஸ்டரில் மட்டும்தான், நட்சத்திரங்கள் டப்பிங் பேச வரமாட்டார்கள்" என்று உங்கள் பதிவில் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அது தவறு. 2019-இல் வந்த படத்தின் தமிழ்ப் பதிப்பில் ஸ்காராகப் பேசியவரே அவர்தான். கதாநாயகச் சிங்கம் சிம்பாவுக்கு சித்தார்த், அவன் நண்பர்களில் பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி. எல்லாருமே தெரிந்த முகங்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இதே கதையை முதலில் சொன்ன 1994 படத்தின் தமிழ் டப்பிங்கில் வளர்ந்த சிம்பாவுக்குப் பேசியவரும் அரவிந்த் சாமியே. அப்பாவைப் பறிகொடுத்த மகனாகப் பேசியவர், 25 வருஷம் கழித்து அந்த அப்பாவைக் கொன்ற சித்தப்பா ஸ்காராகப் பேசினார்!

"சிங்கத்துக்கு யார் பேசினால் என்ன" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய படம் கையால் வரைந்தது. ஸ்காரின் புருவம் உயரும், உதடு கோணும், பாதி நடிப்பை ஓவியரே முடித்துவிடுவார். 2019 படத்தில் இருப்பது நிஜச் சிங்கம் போன்ற முகம், அது அவ்வளவாக அசையாது. மலை விளிம்பில் சிம்பாவின் அப்பா முஃபாசா தொங்கும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். அங்கே வஞ்சகம் முழுக்கக் குரலில்தான் தெரிந்தாக வேண்டும். அப்புறம், ஆங்கிலத்தில் அந்தப் படத்துக்கு ஸ்காராகப் பேசியவர் ஜெரமி அயர்ன்ஸ் இல்லை, அவர் 1994 படத்துக்கு. 2019-இல் பேசியவர் சிவெடெல் எஜியோஃபோர். உங்கள் பதிவில் அதையும் மாற்றிவிடுங்கள்.