அந்த மைதானத்தையும் எழுதியிருக்கலாம்

நியூயார்க் தெருக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஏர்ல் மேனிகால்ட் வாழ்க்கையை ‘வீணாய்ப்போன திறமை’ என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! ஹெராயின் போதை, சிறை, 1971ல் யூட்டா ஸ்டார்ஸ் என்ற தொழில்முறை அணியின் தேர்வில் கழிக்கப்பட்டது எல்லாம் உண்மைதான். மறுக்கவில்லை.

ஆனால் சிறையிலிருந்து வந்தவர் சும்மா உட்காரவில்லையே. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஆம்ஸ்டர்டாம் அவென்யூ மைதானத்தில், போதையைவிட்டு விலகுங்கள் என்று சொல்லியே பையன்களுக்குப் போட்டி நடத்தினார். அந்த மைதானத்துக்கு ‘கோட்’ என்ற அவர் பட்டப்பெயரிலேயே ‘கோட் பார்க்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆட்டத்தையும் கொஞ்சம் விரித்திருக்கலாம். உயரம் 6 அடி 1 அங்குலம்தான். கூடைப்பந்தில் அது குள்ளம். ஒரே தாவலில் வலது கையால் பந்தை வளையத்துக்குள் அடித்து, விழும் பந்தை இடது கையால் பிடித்து மறுபடி அடிப்பாராம். வீடியோ கிடையாது, அவர் ஆடிய ஹார்லெம் பகுதிக்காரர்களின் வாய்வழிச் செய்திதான், கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கும். ஆனாலும் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பார், ஓய்வுபெற்ற சமயத்தில், தான் சேர்ந்தோ எதிர்த்தோ ஆடியவர்களில் மிகச் சிறந்தவர் என்று இவரைத்தானே சொன்னார்?

அடுத்து இன்னொரு ஹார்லெம் தெரு ஆட்டக்காரர் ஜோ ஹாமண்ட் பற்றி எழுதுங்கள். என்பிஏ அணியான லேக்கர்ஸ் கூப்பிட்டும் போகாத ஆள்!