பிராக்கில் கோட்டையைக் கடைசிக்கு வைக்காதீர்கள்
செக் குடியரசின் தலைநகர் பிராக்கைச் சுற்றிப் பார்ப்பது பற்றிய கட்டுரையில், காலையில் பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, சார்லஸ் பாலம் கடந்து, மாலையில் பிராக் கோட்டைக்கு ஏறச் சொல்கிறார் கட்டுரையாளர். இந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தைக் கோடையில் மாலை 5 மணிக்கும் குளிர்காலத்தில் 4 மணிக்குமே மூடிவிடுவார்கள். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடிந்த கட்டடம். வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு. காலையிலேயே 22-ஆம் எண் டிராமில் மேலே போய்விட்டு, கோட்டைக்குக் கீழே உள்ள மாலா ஸ்ட்ரானா பகுதி வழியாகப் பாலத்துக்கு இறங்கி நடங்கள். கீழிருந்து ஏறினால், கல் பாவிய அந்த ஏற்றம் மூட்டுவலி உள்ளவர்களைப் படுத்திவிடும். என் அம்மாவால் பாலம்வரை நடக்க முடிந்ததே இப்படி இறங்கி வந்ததால்தான். சனிக்கிழமை யூதர் பகுதிக்குப் போகலாமா என்று கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் கேட்டிருக்கிறார்: அன்று அங்குள்ள ஜெப ஆலயங்களில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வேறு நாளில் போங்கள்.