எத்தனை நாள் என்பது சரி, எவ்வளவு?

குடிப்பழக்கம் உண்டு என்று சொன்னால் டாக்டர் உடனே "குவார்ட்டரா, ஆஃபா?" என்று கேட்டுவிடுவார். கஞ்சா என்றால் மட்டும் "உண்டா, இல்லையா" என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியாளர்களும் இதில் பெரிதாக மேல் இல்லை. மது, போதைப் பழக்கத்தைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் தயாரித்த அசிஸ்ட் கேள்வித்தாளே கடந்த 3 மாதங்களில் எவ்வளவு அடிக்கடி என்றுதான் கேட்கிறது, அளவைக் கேட்பதில்லை.

போதையைத் தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995இல் அது சுமார் 4 சதவீதம் இருந்தது. 2021இல் 15ஐத் தொட்டுவிட்டது. அதாவது ஒரு கிராம் கஞ்சாவில் 1995இல் 40 மில்லிகிராம், 2021இல் 150. படிவத்தில் அந்த 40 புகைத்தவரும் "தினமும் புகைப்பவர்", இந்த 150 புகைப்பவரும் "தினமும் புகைப்பவர்". இப்படி ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு, கஞ்சாவால் மனநோய் வருமா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது என்று அலுத்துக்கொண்டால் எப்படி?

அதனால்தான் 2021 மே மாதம் அமெரிக்காவின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனமான நைடா எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. 5 மில்லிகிராம் டிஎச்சி ஓர் அலகு. தன் நிதியில் மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகள் அந்தக் கணக்கில் சொல்ல வேண்டும். 5 வரை ஆபத்தில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், இது வெறும் அளவுகோல். மதுவில் ஓர் அலகு என்பது பிரிட்டனில் 8 கிராம் ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் 10, அமெரிக்காவில் 14. அந்தக் குழப்பம் இதிலும் வருவதற்குள் எல்லா நாடுகளும் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நல்லது.

"பொட்டலத்தில் லேபிளா ஒட்டியிருக்கிறது?" என்பீர்கள். நியாயம்தான். கனடாவில் கஞ்சா கலந்த தின்பண்டப் பாக்கெட்டில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. எனவே அங்கே கணக்கு சுலபம். இங்கே வாங்கியவருக்கே தெரியாது. இந்தியாவில் யார் என்ன போதை எடுக்கிறார்கள் என்று பார்த்து 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு, கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கை ஒரு பக்கமும் கஞ்சா, அதன் பிசினான சரஸை இன்னொரு பக்கமும் பிரித்தது (பாங் எடுப்பவர்கள் 2 சதவீதம், மற்ற இரண்டும் 1.2 சதவீதம்). நல்ல தொடக்கம். மில்லிகிராம் தெரியாவிட்டால் போகட்டும், ஒரு பொட்டலம் எத்தனை நாள் வரும், தனியாகவா நாலு பேராகவா, புகையிலை கலந்தா என்று கேட்கலாமே.

சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறதே என்றால், தொடர்ந்து புகைத்தவருக்கு நிறுத்தி வாரக்கணக்கில் ஆனாலும் அது பாசிட்டிவ் காட்டும். எவ்வளவு என்று சொல்லாது. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டருக்குத் தேவை அந்த 'எவ்வளவு'தான், ஏனென்றால் அதிகம் புகைப்பவருக்கு மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். அப்புறம் ஒன்று, பையனிடம் இதைக் கேட்கும்போது அப்பாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் இருந்தால் எந்த அளவுகோலிலும் பதில் பூஜ்யம்தான்.