பெரியம்மாவின் குதிக்கால்

என் பெரியம்மா தனது கடைசி மூன்று ஆண்டுகளை ரொறன்ரோ பகுதியில் உள்ள ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் கழித்தார். கனடாவுக்கு வந்தபின் வேலைத்தலத்தில் கற்றுக்கொண்ட ஆங்கிலம், மறதி நோய் முற்றியபோது முதலில் அவரை விட்டுப் போனது. யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் மிஞ்சியது. ஒரு வாரம் முழுவதும் அவர் "நோகுது, நோகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பணியாளர்கள் அதைச் செபம் என்று நினைத்திருக்கிறார்கள். அமைதியாக இருந்தார் என்றே குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டிருந்தது. நான் போர்வையை விலக்கிப் பார்த்தபோது, வலது குதிக்காலில் ஒரு நாணயக் குற்றி அளவுக்குத் தோல் கறுத்து உடைந்திருந்தது. தோல் கறுத்து உடையும் அளவுக்குப் படுக்கைப் புண் பொதுவாக ஒரே இரவில் முற்றுவதில்லை. ஒரே பக்கமாகக் கிடக்கும் உடலைப் பல நாட்களாக யாரும் திருப்பிவிடவில்லை என்பதற்கு அந்தப் புண்ணே சாட்சி.

அந்த இல்லத்தில் வேலை செய்த பெண்கள் மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. அவர்களில் இருவர் தமிழர்கள். ஆனால் வேறு தளத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தார்கள். காலை நேரத்தில் ஒரு பணியாளர் எட்டுப் பத்துப் பேரை எழுப்பி, கழுவி, பம்பஸ் மாற்றி, உடுப்புப் போட்டு, காலைச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்குக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் குதிக்காலைப் பார்ப்பதற்கு நேரம் இல்லை. அடிப்பதும் திட்டுவதும் மட்டுமே கொடுமை என்று நினைக்கிறோம். தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்படுவதும், அழைப்பு மணி அடித்து அடித்து ஓய்வதும், ஈரத்திலேயே விடியும்வரை கிடப்பதும் கொடுமைதான். அவற்றைச் செய்தவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதால் அவை குற்றமாகப் பதிவாவதும் இல்லை.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஒன்ராறியோ மாகாணத்தின் இல்லங்களில் நடந்தவை பெரிய அளவில் வெளியே வந்தபோதெல்லாம், கண்காணிக்க வேண்டியவர்கள் கண்டுபிடித்து அவை வெளிவரவில்லை. எலிசபெத் வெட்லாவர் என்ற தாதி 2007 முதல் 2014 வரை எட்டு முதியவர்களை இன்சுலின் ஏற்றிக் கொன்றார். அவர் தானாகவே போய் ஒப்புக்கொண்டிராவிட்டால் அந்தக் கொலைகள் தெரியவந்திருக்காது என்று நீதிபதி எலீன் கிலீஸ் தலைமையிலான விசாரணை 2019ஆம் ஆண்டு கூறியது. முதியவர் என்றால் இறப்பது இயல்புதானே என்ற எண்ணமே அந்த மரணங்களுக்குத் திரையாக இருந்தது. அதே 2019ஆம் ஆண்டில், மாகாணத்தின் 626 இல்லங்களில் முன்னறிவிப்பில்லாத முழுமையான ஆய்வு நடந்தவை ஒன்பதே ஒன்பது. மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் முறைப்பாடோ சம்பவ அறிக்கையோ வந்தால்தான் ஆய்வாளர் போனார். முறைப்பாடு செய்ய வாயும் மொழியும் நினைவும் வேண்டும். என் பெரியம்மாவிடம் அவற்றில் எது இருந்தது?

அடுத்த ஆண்டு கோவிட் வந்தது. மார்ச் மாதத்தில் உறவினர்கள் உள்ளே போகத் தடை விதிக்கப்பட்டது. நாள்தோறும் போய்ச் சோறு ஊட்டிய மகள்களையும் கணவர்களையும் வெறும் பார்வையாளர்கள் என்றே அந்த உத்தரவு கருதியது. உண்மையில் அவர்கள்தான் சம்பளமில்லாத பணியாளர்களாகவும் ஒரே கண்காணிப்பாளர்களாகவும் இருந்தவர்கள். மூன்று மாதங்களுக்குள், ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க அனுப்பப்பட்ட கனடிய இராணுவத்தினர் ஐந்து இல்லங்களில் தாங்கள் கண்டவற்றை எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று நம்மவர்கள் அதிகம் வாழும் ஸ்காபரோவிலும், இன்னொன்று பிக்கறிங்கிலும் இருந்தவை. 2020 மே 26 அன்று அந்த அறிக்கை வெளியானது. கரப்பான் பூச்சிகள், வாரக் கணக்கில் குளிப்பாட்டப்படாத உடல்கள், மூச்சுத் திணறும் அளவுக்கு வலிந்து ஊட்டப்பட்ட உணவு, உதவி கேட்டுக் கத்தியும் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும் யாரும் வராத அறைகள். படித்துவிட்டு மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் மனம் உடைந்துபோனதாகச் சொன்னார். அவருடைய வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அவருடைய அரசு, கோவிட் தொடர்பாக இல்லங்கள் மீது வழக்குப் போடும் குடும்பங்கள் சாதாரண அலட்சியத்தைக் காட்டினால் போதாது, பாரதூரமான அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியதை நான் மறக்கவும் இல்லை.

புதிய சட்டம் ஒன்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை அது வைத்தது. நல்ல இலக்குத்தான். ஆனால் மாகாணம் முழுவதுக்குமான சராசரி, ஒரு குறிப்பிட்ட தளத்தில் சனிக்கிழமை இரவு எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பதைச் சொல்லாது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தின்படி, சிகிச்சை முடிந்தும் வைத்தியசாலையில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும் முதியவரை அவர் கேட்காத இல்லத்துக்கு அனுப்பலாம். போக மறுத்து அங்கேயே தங்கினால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடலாம். தமிழ் பேசும் பணியாளரும் சோறும் இருக்கும் இல்லத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இது: ஒவ்வோர் இல்லத்திலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது, முறைப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொல்லாமல் போய் முழுமையாக ஆய்வு செய்ய வேண்டும். ஆங்கிலம் இழந்த முதியவர்களிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும். இந்த மாகாணத்தில் வாக்குரிமை உள்ள நாம் ஒவ்வொருவரும் நமது தொகுதி உறுப்பினரிடம் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

நாங்கள் பெரியம்மாவின் கட்டிலுக்கு மேலே ஓர் அட்டை ஒட்டினோம். நோகுது, தண்ணி, குளிருது, வெளிக்குப் போகவேணும் என்ற சொற்களை ஆங்கில எழுத்திலும், அவற்றின் பொருளைப் பக்கத்திலும் எழுதினோம். அடுத்த வாரமே ஒரு பிலிப்பைன்ஸ் பெண், நோகுதா என்று கேட்டு அவரைத் திருப்பிப் படுக்கவைத்ததைப் பார்த்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்படியொரு கட்டிலில் இருந்தால், ஞாயிறு பிற்பகலில் பழங்களோடு போய்வருவதோடு நிறுத்திக்கொள்ளாமல், வேலைநாள் ஒன்றில் இரவுச் சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் போங்கள். தட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். போர்வையை விலக்கி இரண்டு குதிக்கால்களையும் பாருங்கள். கண்டதைத் திகதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.