ஸ்பேருக்குச் சிவப்பு அட்டை கட்டும் முன்

வீண் செலவைக் குறைக்கும் லீன் முறை என்று ஆரம்பித்ததும் பல தொழிற்சாலைகளில் முதல் அடி ஸ்டோர்ஸுக்குத்தான் விழுகிறது. இரண்டு வருடம் அசையாத ஸ்பேருக்குச் சிவப்பு அட்டை கட்டி வெளியே தள்ளுகிறார்கள். அடுத்தது மிஷின்களுக்கு நடுவில் நிற்கும் பாதி முடிந்த சரக்கு. அப்புறம் வாராந்திரப் பராமரிப்பு நேரம். இந்த வரிசையே தலைகீழ்.

ஆறு மிஷின் கொண்ட ஒரு லைன். ஒவ்வொன்றும் 95 சதவீத நேரம் பழுதில்லாமல் ஓடுகிறது என்று வையுங்கள். நடுவில் இருப்பே இல்லையென்றால் ஒன்று நின்றால் ஆறும் நிற்கும். 0.95-ஐ ஆறு முறை பெருக்கினால் மொத்த லைன் ஓடுவது சுமார் 73.5 சதவீதம்தான். ஒவ்வொன்றையும் 98-க்குக் கொண்டுவந்தால் 88.6. அதற்குப் பிறகு இருப்பைக் குறையுங்கள், தாங்கும். லீன் பிறந்த டொயோட்டா வட்டத்திலேயே, உதிரிபாக நிறுவனமான நிப்பான்டென்சோ ஆபரேட்டர் கையில் துடைப்பதையும் எண்ணெய் விடுவதையும் கொடுத்து டிபிஎம்மை (TPM, எல்லோரும் பங்கெடுக்கும் பராமரிப்பு முறை) வளர்த்தது. 1971-ல் அதற்குப் பரிசும் வாங்கியது. அந்தப் பாதியை விட்டுவிட்டு இருப்புக் குறைப்பை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதே அல்ல.

ஸ்பேரில் 'கடைசியாக எப்போது எடுத்தோம்' என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அது போனால் மாற்று மிஷின் உண்டா, வந்து சேர எத்தனை நாள், போகுமுன் அறிகுறி காட்டுமா என்று பாருங்கள். 6205 என்ற எண்ணுள்ள சாதாரண பேரிங் சத்தத்திலும் அதிர்விலும் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும், ஊர்க் கடையில் அன்றே கிடைக்கும். பத்து வாங்கி அடுக்க வேண்டாம். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான செர்வோ டிரைவ் பல நேரம் சொல்லாமல் போகும், வர வாரக்கணக்கில் ஆகும். ஐந்து வருடம் தூங்கினாலும் ஒன்று இருக்கட்டும். ஆனால் அலமாரியில் மறந்துவிட்டால் அதன் கெப்பாசிட்டர் கெடும்; வருடத்துக்கு ஒரு முறை மின்சாரம் கொடுத்து வையுங்கள். ஸ்பேர் மோட்டார் என்றால் ஷாஃப்டை அவ்வப்போது கையால் சுற்றி வேறு நிலையில் நிறுத்த வேண்டும்.

பராமரிப்பிலும் வெட்ட வேண்டிய வீண் உண்டு, முக்கியமாக கிரீஸ். பக்கவாட்டிலிருந்து அடிக்கும்போது பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் என்று வரும். 6310 பேரிங்குக்கு 110 × 27 × 0.005, சுமார் 15 கிராம். 'வெளியே வழியும்வரை' அடித்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறும், சீல் பிதுங்கும். உங்கள் கிரீஸ் கன்னில் பத்து அடி அடித்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஓர் அடிக்கு எவ்வளவு என்பதை அந்தக் கன்னிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.