ராஜா பேரெல்லாம் திரும்பி வருது, பாட்டி பேரு எங்கே?

கீழடிப் பானை ஓட்டில் இருந்த ஆதன் இப்போது எல்கேஜியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து பெஞ்சில் செம்பியன், அதியன், நன்மாறன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வகுப்பில் பாதிப் பேர் ஷ், ஸ், ஹ இல்லாமல் வாய்க்குள் நுழையாத பெயர்க்காரர்கள். காற்று மாறியதில் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தப் பழைய பெயர் மோகத்தில் சில விஷயங்கள் உறுத்துகின்றன. பெயர் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆதன். சந்தேகமே வேண்டாம், அசல் பழைய பெயர். கீழடி ஓடுகளில் 'குவிரன்', 'ஆதன்' இரண்டும் உண்டு. கரூர் பக்கம் புகளூர்க் கல்வெட்டில் சேர அரசன் 'கோ ஆதன் செல்லிரும்பொறை' இருக்கிறான். தொல்காப்பியம் இந்தப் பெயருக்கென்றே புணர்ச்சி விதி சொல்கிறது: ஆதன் + தந்தை = ஆந்தை. பிசிர் என்ற ஊரின் ஆதன் தந்தைதான் பிசிராந்தையார். ஆக, மகனுக்கு ஆதன் என்று பெயர் வைத்த அப்பாக்கள் எல்லோரும் இலக்கணப்படி ஆந்தைகள். முதல் ஆறு மாதம் ராத்திரி விழித்திருப்பதற்குப் பொருத்தமான பட்டம்தான். அகராதியில் ஆதன் என்பதற்கு 'அறிவில்லாதவன்' என்று ஒரு பொருளும் போட்டிருக்கும். மாமியார் கூகுள் பார்த்துவிட்டு வந்து கேட்பதற்குள் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்பெயர் வேறு, அந்தச் சொல் வேறு.

இணையத்தில் சுற்றும் 'சங்க காலப் பெயர்கள்' பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். சங்கப் பாட்டில் தேடினால் யாழ் கிடைக்கும், யாழினி கிடைக்கமாட்டாள். 1916-ல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு தமிழில் புதிதாகப் பெயர் ஆக்கும் வழக்கம் பெருகியது. அந்த வழியில் வந்தவை யாழினி மாதிரிப் பெயர்கள். அழகான பெயர்கள், தாராளமாக வையுங்கள், இரண்டாயிரம் வருஷப் பழசு என்று மட்டும் சொல்லாதீர்கள். உண்மையான சங்க காலப் பெண் பெயர் வேண்டுமா? நச்செள்ளை, நக்கண்ணை, மாசாத்தி. முன்னால் நிற்கும் 'ந' சிறப்புக்காகச் சேர்வது; கீரன் நக்கீரன் ஆன மாதிரி, செள்ளை நச்செள்ளை ஆனாள். இதை எவரும் வைக்கப் போவதில்லை என்று தெரியும். சாத்தனும் அப்படித்தான். இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டு என்றாலே 'சாத்தன் வந்தான்' என்கிற அளவுக்குச் சாதாரணப் பெயர். இன்றைக்கு ஒரு கால் போட்டால் சாத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தக் காலைப் போடாமல் விடமாட்டார்கள்.

என் ஆதங்கம் வேறு. திரும்பி வருவதெல்லாம் முடி சூடிய பெயர்கள். செம்பியன் வருகிறான், குந்தவை வருகிறாள். மருதாயியும் பூவாயியும் வரவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது தாத்தா பெயரைத் தாங்குகிறவன். பெயர்த்திதான் பேத்தி. சொல் மட்டும் மிச்சமிருக்கிறது.

பாட்டி பெயரை முழுசாக வைக்கத் தயக்கம் என்றால் வாலை மட்டும் நறுக்குங்கள். ஆயி, அம்மாள், ஆத்தாள், அம்பாள் எல்லாம் வால். நறுக்கிய பிறகு மிஞ்சுவது தனியாக நிற்கிற சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பூவாயியை நறுக்கினால் கிட்டத்தட்ட பூவை. நாகணவாய் என்கிற மைனாவுக்கும் காயாம்பூவுக்கும் அது பெயர். மாரியம்மாள் மாரி ஆவாள், மழை. சோலையம்மாள் சோலை. வடிவாம்பாள் வடிவு. அலமேலு என்பதே அலர்மேல்மங்கை தேய்ந்து வந்தது. அதிலிருந்து அலர் எடுக்கலாம், ஆனால் பழைய பாட்டில் அலர் என்றால் ஊர்ப் பேச்சும்கூட, யோசித்துக்கொள்ளுங்கள். மருதாயிக்கு மருதி. அகநானூற்றில் ஆதிமந்திக்கு அவள் காதலன் ஆட்டனத்தியைக் காட்டிவிட்டுக் கடலில் மறைந்தவள் மருதி. இதைவிடவா ஒரு விண்டேஜ் பெயர் வேண்டும்? தையல்நாயகியில் மட்டும் கத்தி வைக்காதீர்கள். தையல் என்றால் பெண் என்பது புலவருக்குத்தான் தெரியும், மற்றவர்களுக்கு டெய்லர் கடை.

குப்பன், பிச்சை, மூக்காயி போன்ற பெயர்களைக் கேவலம் என்று ஒதுக்குகிறோம். வரிசையாகக் குழந்தைகள் இறந்த வீட்டில், அடுத்ததாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்தும் மூக்குக் குத்தியும் வைத்த பெயர்கள் அவை. மறுபடி வைக்கச் சொல்லவில்லை, சிரிக்காமல் இருக்கலாம். போதும்பொண்ணு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பி வரவே கூடாது.

இனி எல்லோரும் சறுக்குகிற இடம்: ஆங்கில எழுத்து. ஆதனையே எடுங்கள். முன்னால் ஒரே ஒரு ஏ வைத்து, டெல்லிக்குப் போடுகிற டி, எச் போட்டால் அது பள்ளிவாசல் பாங்குக்கு ஆங்கிலத்தில் எழுதும் 'அதான்'. தமிழுக்குப் போடுகிற டி போட்டு எச் சேர்த்தால் அத்தான். டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது வகுப்பே சிரிக்கும். இரண்டு ஏ, டெல்லி டி, எச், ஏ, என். இதுதான் பாதுகாப்பு. பாரிக்கும் இரண்டு ஏ கட்டாயம், ஒன்று போட்டால் வடக்கே 'பரி' ஆகி, தேவதை என்று பெண் பிள்ளைப் பெயராக எடுத்துக்கொள்வார்கள். மாறனும் மாரனும், அதாவது பாண்டியனும் மன்மதனும், ஆங்கிலத்தில் ஒரே ஆள்தான், அதற்கு வழியே இல்லை. ழகரத்துக்கு இசட் எச் போட்டால் வெளியூரில் மகிழன் 'மகிஜன்' ஆவான். எல் போட்டால் நம் ஊரிலேயே 'மகிலன்'. நான் இசட் எச் பக்கம். அரசாங்கமே 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாம் எம்மாத்திரம்.

பிறப்புப் பதிவு 21 நாளுக்குள். பெயர் முடிவாகவில்லை என்றால் ஆஸ்பத்திரி அவசரத்தில் எதையாவது எழுதித் தராதீர்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பிறகு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. சான்றிதழில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழில் றகரம் ரகரம் ஆகியிருக்கும், ஆங்கிலத்தில் ஒரு ஏ காணாமல் போயிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான், அதனால் பிழையை அன்றைக்கே திருத்துங்கள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுத்தால் சிக்கல். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் பதறினார்கள் என்று டிராவல் ஏஜென்ட்டுகளைக் கேளுங்கள்.

கடைசியாக, பெயரை இனிஷியலோடு சேர்த்து ஒரு தரம் சத்தமாகப் படித்துவிடுங்கள். தாத்தா ஞானப்பிரகாசத்தை நறுக்கிப் பையனுக்கு ஞானி என்று வைக்கிறீர்கள், அப்பா பெயர் அருணாசலம். பதிவேட்டில் அவன் 'அ. ஞானி'. தமிழ்நாட்டில் அம்மா பெயரின் முதலெழுத்தையும் இனிஷியலாகப் போடலாம். அம்மா மெய்யம்மையாக இருந்தால் பையன் தப்பித்தான்.