40 நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள்

போன கிழமை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதை இங்கே மறுபடியும் போடப் போவதில்லை, போட்டது போதும். ஒரு தரம் 11 வகுப்பறை, எழுத்தே இல்லாத கரும்பலகை, ரீச்சர் கடைசி வாங்கில் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறார், கீழே ஒரு வரி: "இதுதான் எங்கட ஆக்களின்ர கற்பித்தல்." எடுத்தவர் ஒரு பொறுப்பான கல்வி அதிகாரி. வாசலில் நின்று எடுத்திருக்கிறார். உள்ளே வரவில்லை, ஒரு சொல் கேட்கவில்லை. அடுத்த நாளே விளக்கம் கேட்டு ரீச்சருக்குக் கடிதம் போயிருக்கிறது.

அந்த ரீச்சரை எனக்குத் தெரியும், நாங்கள் ஒன்றாகப் பயிற்சிக்குப் போனவர்கள். அன்றிரவே அவவோடு கதைத்தேன். அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கவலையாக இருந்தது. "இனி நான் எழும்பி நிண்டே படிப்பிக்கிறன் சேர், பிரச்சினை இல்லைத்தானே" என்று மட்டும் சொன்னா.

படம் எடுத்த நேரம் அந்த வாங்கில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரு பொடியன், கிழமையில் மூன்று நாள் பள்ளிக்கூடம் வருவான், மற்ற நாட்களில் சீமெந்துக் கல் அரிகிற இடத்துக்கு வேலைக்குப் போகிறான். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஏழில் இரண்டு என்று எழுதுவான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறான். இதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் அவன் பார்த்து எழுதுவான், தலையாட்டுவான், அடுத்த கணக்கில் மறுபடி ஏழில் இரண்டு. அன்றைக்கு ரீச்சர் பலகையை விட்டுவிட்டு அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, அதை நாலாக மடித்து, பிறகு மற்றப் பக்கத்தால் மூன்றாக மடித்து விரித்து, கட்டங்களை எண்ணச் சொல்லியிருக்கிறா. அவன் விரலை வைத்து எண்ணினான். பன்னிரண்டு. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டானாம், "ரீச்சர், இந்தப் 12 எங்கயிருந்து வந்தது?"

கணிதம் படிப்பிக்கிற ஆட்களுக்குத் தெரியும் அந்தக் கேள்வியின் பெறுமதி. 11 வருடம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறான். அந்த நேரத்தில்தான் வாசலில் ஃபோன் கமரா.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். ஒரு பாடவேளை 40 நிமிடம். ஒரு வகுப்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புகிற எந்த அதிகாரியும் அந்த 40 நிமிடமும் உள்ளே வந்து இருக்க வேண்டும். இருந்துவிட்டு அந்த ஆசிரியரோடு தனியாக ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு குறை வேண்டுமானாலும் சொல்லுங்கள், சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்ளுவோம். வாசலில் நின்று எடுத்த படத்தை வைத்து எங்களை அளக்காதீர்கள்.

"அப்ப மேற்பார்வையே வேண்டாம் எண்டு சொல்லுறீரோ?" என்று இப்போதே சிலர் கேட்கத் தொடங்கியிருப்பீர்கள். இல்லை. எனக்கு மேற்பார்வை வேண்டும். என்னை ஆசிரியர் ஆக்கியதே ஒரு மேற்பார்வைதான்.

2007 இல் நான் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தேன். உயர்தரம் முடித்த கையோடு ஒரு வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போனவன், பயிற்சி ஒன்றும் இல்லை. 2008 இல் போரால் வன்னியில் துணுக்காய், மல்லாவிப் பக்கமெல்லாம் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் எங்களோடு இடம்பெயர்ந்தது. ஆண்டுக் கடைசியில் தர்மபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டில்தான் எங்கள் பாடசாலை. நிஷா புயல் மழை அடித்த கிழமை தறப்பாளில் தண்ணீர் தொட்டி மாதிரித் தேங்கும், தடியால் குத்தி விட்டுவிட்டுத்தான் இடாப்புக் கூப்பிடுவோம். எங்கள் அதிபர் ஐயா அந்த நேரமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாக வருவார். ஒரு நாள் என்னுடைய கணித வகுப்பில் பாயின் தொங்கலில், பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்துவிட்டார். முழுப் பாடமும் இருந்தார். எனக்குக் கைகால் நடுங்கினது. முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பின்னேரம் தண்ணீர் அள்ளப் போகிற வழியில் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார், "தம்பி, நீர் பலகையோட கதைக்கிறீர். பிள்ளையளோட கதையும்."

அதுவும் குறைதான். எனக்கு நல்லாகச் சுட்டது. ஆனால் அவர் அதை 40 நிமிடம் ஈரப்பாயில் இருந்துவிட்டுச் சொன்னார். ஆரும் இல்லாத இடத்தில் சொன்னார். அடுத்த நாள் தொடக்கம் நான் பிள்ளைகளின் பக்கம் திரும்பி நின்றேன், இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன். ஒரு ஆசிரியருக்கு நோய் என்றால் அதிபர் ஐயாவே வகுப்புக்கு வந்து வரலாற்றுப் பாடம் எடுப்பார். பிறகு செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் மறுபடி ஒரு தறப்பாளுக்குக் கீழே வகுப்புத் தொடங்கியபோது, அவர் சொப்பிங் பையில் சுற்றிக் கடைசி வரைக்கும் காவிக்கொண்டு வந்த சேர்விடாப்பை, பிள்ளைகளைச் சேர்த்த பதிவுப் புத்தகத்தை, எடுத்து மேசையில் வைத்தார், மேசை என்றால் அது ஒரு நிவாரணப் பெட்டி. இன்றைக்கு அவர் உயிரோடு இல்லை. அந்த நேரத்தில் நிர்வாகம் என்றும் ஆசிரியர் என்றும் எங்களுக்குள் இரண்டு பக்கம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தறப்பாளுக்குக் கீழே இல்லாத இடைவெளி கட்டடம் வந்த பிறகு எங்கேயிருந்து வந்தது?

சரி, அடுத்தது. "ஆசிரியர்கள் மட்டும் திறமோ?" இந்தக் கேள்வியை எழுதாமல் ஆரும் போக மாட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் ஒன்றரைக்கு மணி அடிக்க முதலே பையைத் தோளில் போட்டு நிற்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் நித்திரை, ரியூசனில் உற்சாகம், பாடக்குறிப்பு மூன்று வருடப் பழசு. எல்லாம் கேட்டிருக்கிறேன். அப்படியான ஆட்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களோடு ஒரே அறையில் தேத்தண்ணி குடிக்கிறவன்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அவர்களைப் பிடிக்கவும் வழி அதேதான். அவர்களின் வகுப்பில் போய் 40 நிமிடம் இருங்கள். பழைய பாடக்குறிப்பைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. கொப்பி வடிவாக இருந்தால் அவர் நல்ல ஆசிரியர், வாங்கில் இருந்தால் கூடாத ஆசிரியர் என்ற அளவுகோலில் தப்புகிறவர்கள் ஆர் என்று யோசித்துப் பாருங்கள்.

விடிய நாலரைக்கு எழும்பி, முதல் பஸ் பிடித்து, பரந்தன் சந்தியில் இறங்கி மற்ற பஸ்ஸுக்கு ஓடி, ஏழரைக்கு முதல் கையெழுத்து வைத்து, வாரத்தில் 40 பாடவேளையில் 30க்கு மேல் எடுத்து, இடையில் ஆசிரியர் இல்லாத வகுப்பையும் பார்த்து, பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சமைக்கிற பெண்களைப் பற்றித்தான் நாங்கள் கதைக்கிறோம், அதை மறக்க வேண்டாம்.

இனி என்னுடைய பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஏழு மாதம் நான் ஒரு சின்னப் பாடசாலையில் பதில் அதிபராக இருந்தேன். அந்த ஏழு மாதத்தில் நிர்வாகத்தின் கஷ்டம் என்ன என்று எனக்கு விளங்கினது. காலை ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் செய்தி வரும், 12 மணிக்கு முதல் தரவு வேண்டும் என்று. சப்பாத்து இல்லாத பிள்ளைகள் எத்தனை, தளபாடம் எத்தனை, மலசலகூடம் எத்தனை. போன மாதம் கொடுத்த அதே தரவு வேறு படிவத்தில். கொடுக்காவிட்டால் கூட்டத்தில் பெயர் வாசிப்பார்கள். அதற்குள் கிணற்று மோட்டர் பழுது, மதிய உணவு சமைக்கிற அம்மாவுக்குக் காசு வரவில்லை, ஒரு தகப்பன் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். வகுப்புப் பக்கம் போக எனக்கு நேரமே இருக்கவில்லை. அதிபர்மார் வகுப்புக்கு வருவதில்லை என்று சும்மா ஏசுகிற ஆசிரியர்கள் ஒரு நாள் அந்தக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும் என்று நான் அப்போது நினைத்தேன், இப்போதும் அதில் மாற்றம் இல்லை.

ஆனால் அந்த ஏழு மாதத்தில்தான் நானும் அந்தப் பிழையைச் செய்தேன். மார்கழி மழை. 7.30 ஆனதும் வரவுப் புத்தகத்தில் பிந்தி வருகிறவர்களைப் பிரிக்கிற சிவப்புக் கோட்டை அடித்துவிட்டேன். ஏழு நாற்பத்திரண்டுக்கு ஒரு ரீச்சர் வந்தா. பஸ் தண்ணீரில் மறிபட்டுவிட்டது, மிச்சத் தூரம் நடந்து வந்திருக்கிறா. முழங்கால் வரை சீலை நனைந்து சேறு. அவ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, புத்தகத்தை மட்டும் அவவின் பக்கம் தள்ளினேன். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தா. பிறகு பையைத் திறந்து, ஒரு பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொரு பை என்று சுற்றி வைத்திருந்த தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டை எடுத்து என் மேசையில் வைத்தா. ஒரு தாளில்கூட ஈரம் படவில்லை.

அந்தச் சிவப்புக் கோடு இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் இருக்கும். நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அவ சிரித்துவிட்டு "அது உங்கட கடமைதானே சேர்" என்று சொன்னா. அந்த வார்த்தை எனக்குள் இன்னும் கிடக்கிறது. அதனால்தான் போன கிழமைப் படத்தைப் பார்த்த உடனே எனக்கு இவ்வளவு கோபம் வந்தது, அந்த வாசலில் நின்றவரை எனக்குத் தெரியும், நானும் ஒரு நாள் அங்கே நின்றவன்.

"அவர்களுக்கும் மேலிடத்து அழுத்தம்." தெரியும். பரீட்சைப் பெறுபேறு வந்ததும் மாகாணக் கல்வித் திணைக்களம் வலயத்தைக் கேட்கும், வலயம் கோட்டத்தைக் கேட்கும், கோட்டம் அதிபரைக் கேட்கும், அதிபர் ஆசிரியரைக் கேட்பார். ஆசிரியர் ஆரைக் கேட்பது? அந்தக் கல் அரிகிற பொடியனையா? 18 புள்ளி எடுத்த பிள்ளையை 35க்குக் கொண்டுவந்து ஒரு எஸ், அதாவது சாதாரண சித்தி, எடுக்க வைப்பதற்கு ஒரு ரீச்சர் படுகிற பாடு எந்தப் படிவத்திலும் வராது, ஏ எடுத்த பிள்ளையின் படம்தான் பதாகையில் வரும்.

"முகநூலில் எழுதலாமோ, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை தெரியுமோ?" தெரியும். 2022 இல் அரச ஊழியர்கள் சமூக ஊடகத்தில் எழுதுவதைப் பற்றி வந்த சுற்றறிக்கையும் தெரியும். நான் எந்த அலுவலகத்தின் பெயரையும் எழுதவில்லை. ரீச்சரின் படத்தைக் குழுவில் போட்டபோது இந்தக் கேள்வி ஏன் ஒருவருக்கும் வரவில்லை?

இன்னொன்று. 2021 ஆடி மாதம் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல், 24 வருடச் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் ஒன்றாக நின்றோம். இணையவழி வகுப்பை எல்லோரும் சேர்ந்துதான் நிறுத்தினோம். அப்போது அதிபர்மார் எங்களைத் தம்பி, தங்கச்சி என்று கூப்பிட்டார்கள். சம்பளத்துக்கு ஒன்றாக நிற்க முடிந்தது என்றால் ஒரு ரீச்சரின் மானத்துக்கு நிற்க முடியாதா? அந்தக் குழுவில் எத்தனையோ அதிபர்கள் இருக்கிறார்கள். ஒருவர்கூட "சேர், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ" என்று எழுதவில்லை. இரண்டு பேர் பெருவிரலைக் காட்டியிருக்கிறார்கள். அதிகாரி செய்ததைவிட எனக்கு அதுதான் கூட நொந்தது. நாளைக்கு ஒக்டோபர் 6, ஆசிரியர் தினம் என்று வரும், மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, எங்களை ஏணி என்றும் மெழுகுதிரி என்றும் பேசுவீர்கள். எங்களுக்கு மாலை வேண்டாம், உள்ளே வந்து இருங்கள்.

நல்ல அதிபர்கள் இருக்கிறார்கள். தங்கள் பெயரையும் நேரசூசியில் போட்டு, கிழமைக்கு இரண்டு பாடவேளையாவது எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும், அந்தப் பாடசாலைகளில் ஆசிரியர் அறைக்கும் அதிபர் அறைக்கும் இடையில் கதவு திறந்தே கிடக்கும். அதிகாரிகளிலும் பலர் எங்களைப் போல வகுப்பில் நின்று, பரீட்சை எழுதி மேலே போனவர்கள்தான். அவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது ஏதாவது ஒரு பாடசாலையில் ஒரு பாடம் எடுத்துப் பார்க்கட்டும். அதேபோல ஆசிரியர்களையும் முறை வைத்து ஒரு நாள் அதிபர் கந்தோரில் இருத்தட்டும், அந்தத் தரவுச் செய்திகளுக்கு அவர்களும் பதில் அனுப்பிப் பார்க்கட்டும். இதற்குச் சுற்றறிக்கை வேண்டாம், காசு வேண்டாம்.

இதை அந்த அதிகாரி வாசிப்பார் என்று எனக்குத் தெரியும், எங்களுக்குப் பொதுவான நண்பர்கள் நிறையப் பேர். சேர், உங்களோடு எனக்குக் கோபம் இருக்கிறது, பகை இல்லை. முதலில் அந்தப் படத்தை அழியுங்கள், விளக்கக் கடிதத்தைத் திருப்பி எடுங்கள். பிறகு ஒரு நாள் தனியாக, குழு இல்லாமல், ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பாடசாலைக்குப் போங்கள். வியாழக்கிழமைகளில் ரீச்சருக்குத் தரம் 11 இல் முதலாம் பாடவேளை. அந்தப் பொடியன் வியாழனில் வருவான், கடைசி வாங்கு, ஜன்னல் பக்கம். அவனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.